வாக்குத்தத்த அட்டையில் இருப்பது யாருக்கு எழுதிய வசனம்? இஸ்ரவேல், சபை: தேவனுடைய திட்டம் ஒன்றா, இரண்டா?

மேற்காசியாவில் குண்டு விழுந்த செய்தி வந்த அன்றே பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துக் கைபேசிகளில் பிரசங்கக் காணொளிகள் சுற்றத் தொடங்கிவிடும். ஒருவர் "தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது, இரகசிய வருகை வாசலில் நிற்கிறது" என்பார்; கிறிஸ்து உலகம் அறியாமல் வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போவார் என்பதுதான் அந்த இரகசிய வருகை. அடுத்தவர் "இஸ்ரவேலை ஆசீர்வதிக்கிற நாடுதான் ஆசீர்வதிக்கப்படும்" என்பார். மூன்றாமவர் இரண்டு பேரையும் மறுத்து, "அது இஸ்ரவேலுக்கான திட்டம், சபைக்கான திட்டம் வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்" என்பார். மூன்று பேர் கையிலும் இருப்பது ஒரே வேதாகமம். புத்தாண்டு இரவில் சபைகளில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் இதே கேள்விதான்: அதில் இருக்கும் வசனம் யாருக்கு எழுதியது?

இந்தக் கரையில் குழப்பம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இங்கே கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-ல். அவருடைய இயேசு சபையைச் சேர்ந்த அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டது 1549-ல். ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது 1693-ல். தலைமுறை தலைமுறையாகப் பூசைக்குப் போகிற குடும்பங்களில் "ஏழு யுகங்கள்", "இரகசிய வருகை", "ஆயிர வருட அரசாட்சி" போன்ற சொற்கள் பீடத்திலிருந்து அதிகம் கேட்டவையல்ல. அவை ஜெபவீட்டுக்குப் போகும் சித்தப்பா வழியாகவோ கைபேசி வழியாகவோதான் வீட்டுக்குள் வருகின்றன. திருவிவிலியம் படிக்கிறவர் "இறைவன், திருச்சபை, பிற இனத்தார்" என்பார்; பழைய மொழிபெயர்ப்பைப் படிக்கிறவர் "தேவன், சபை, புறஜாதியார்" என்பார். ஒரே வீட்டில் இரண்டு சொல்வழக்கு. இந்த விவாதம் முழுவதும் பழைய மொழிபெயர்ப்பின் சொற்களிலேயே நடப்பதால் இங்கும் அவற்றையே கையாள்கிறேன்.

## உக்கிராணக்காரன் என்ற சொல்லிலிருந்து

இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம், சபைக்கு வேறு திட்டம் என்கிற அந்த மூன்றாமவரின் போதனைக்கு வெளிநாட்டில் டிஸ்பென்சேஷனலிசம் என்று பெயர். தமிழில் ஒரே நிலையான பெயர் இல்லை. யுகப் பாகுபாடு என்றும் காலநியமப் போதனை என்றும் சொல்கிறார்கள். இங்கே காலநியமம் என்றே வைத்துக்கொள்வோம்.

மூலச் சொல் கிரேக்கத்தில் ஒய்கோனோமியா. ஒய்கோஸ் என்றால் வீடு. நோமோஸ் என்றால் முறை, சட்டம். வீட்டை நடத்தும் முறை என்று பொருள். தமிழ் வேதாகமம் இதை எபேசியர் 1:10-லும் 3:2-லும் "நியமம்" என்கிறது. 1 கொரிந்தியர் 9:17-ல் அதே சொல்லுக்கு அருமையான ஒரு தமிழ் வந்திருக்கிறது: "உக்கிராண உத்தியோகம்". லூக்கா 16-ல் கணக்குக் கொடுக்கச் சொல்லி எஜமான் கூப்பிடும் ஆளும் உக்கிராணக்காரன்தான்.

உக்கிராணம் என்றால் அரண்மனையிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சாமான் வைத்துப் பூட்டும் அறை. கல்யாண வீட்டில் முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவர் கையில் சாவி இருக்கும். காலை முகூர்த்தச் சாப்பாட்டுக்கு இன்னொருவர் கைக்கு அது மாறும். வீட்டுக்காரர் ஒருவரே, சாமானும் அவருடையதே. ஆனால் இரவு போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு காலையில் எடுத்துக் கொடுத்தால் பந்தி குழம்பிவிடும். காலநியமப் போதனையின் கரு இவ்வளவுதான்: தேவன் மாறுவதில்லை, ஆனால் மனிதரிடம் அவர் ஒப்படைக்கும் பொறுப்பும் அதற்கான சட்டமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன.

இதை ஏழாகப் பிரிப்பது வழக்கம்:

1. ஏதேனில் குற்றமறியாமை
2. வீழ்ச்சிக்குப் பின் மனசாட்சி
3. நோவாவுக்குப் பின் மனித அரசாட்சி
4. ஆபிரகாமோடு வாக்குத்தத்தம்
5. மோசேயோடு நியாயப்பிரமாணம்
6. இப்போதைய கிருபையின் காலம்
7. இனி வரவேண்டிய ஆயிர வருட ராஜ்யம் (கிறிஸ்து பூமியில் அரசாளுவது)

ஏழு என்ற எண்ணில் ஒன்றும் கட்டாயமில்லை. நான்கு என்பவர்களும் உண்டு, எட்டு என்பவர்களும் உண்டு. உண்மையான கேள்வி ஐந்துக்கும் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்தான் இருக்கிறது. நியாயப்பிரமாணத்தின் கீழ் இருந்த இஸ்ரவேலும், கிருபையின் கீழ் இருக்கும் சபையும், வரப்போகும் ராஜ்யமும் ஒரே கோட்டில் வருகின்றனவா, அல்லது இரண்டு தனித் திட்டங்களா?

## தடைக்கால உத்தரவை எப்படிப் படிக்கிறோம்

நம் கரையில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் அதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை. அதோடு, முன்பு தடைக்காலம் 45 நாள்தான். 2017-ல்தான் 61 ஆனது.

இப்போது ஒருவர் பழைய 45 நாள் அறிவிப்பை வைத்துக்கொண்டு மே 30-ந் தேதி ராமேசுவரத்திலிருந்து விசைப்படகை எடுத்தால் என்ன ஆகும்? அந்த அறிவிப்பு பொய்யல்ல, அரசாங்கமே போட்டதுதான். ஆனாலும் அவர் பிடிபடுவார். உத்தரவு உண்மையா என்பதோடு இன்னும் மூன்று கேள்வியைக் கேட்டுத்தான் நாம் அதைப் படிக்கிறோம்: எந்தக் கரைக்கு, எந்தப் படகுக்கு, எந்த ஆண்டுக்கு?

வசனத்தையும் அப்படிப் படிக்கச் சொல்கிறது இந்தப் போதனை. "சத்திய வசனத்தை நிதானமாய்ப் பகுத்துப் போதிக்கிறவனாயும்" என்று 2 தீமோத்தேயு 2:15 சொல்வதை அவர்கள் தங்கள் தலைப்பு வசனமாகவே வைத்திருக்கிறார்கள். (அந்த இடத்துக் கிரேக்கச் சொல்லுக்கு நேராக வெட்டுதல், ஒழுங்காக வழிபிடித்தல் என்றுதான் பொருள். காலங்களாகப் பிரிப்பதை மட்டும் அது குறிக்கிறது என்று நிறுவ முடியாது. ஆனால் யாருக்கு எழுதியது என்று கேட்பது எந்த ஆசிரியருக்கும் தேவையான நிதானம்தான்.)

## எப்போது, யாரால் வந்தது

இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் ஜான் நெல்சன் டார்பி, 1800-ல் பிறந்து 1882-ல் இறந்தவர். அயர்லாந்துத் திருச்சபையில் குருவாக இருந்து விலகிப் பிரதரன் என்ற புதிய சபைக் கூட்டத்தின் முன்னணி ஆசிரியரானார். 1830-களில் அவர் எடுத்துச் சொன்னது இது: இஸ்ரவேலுக்குப் பூமிக்குரிய வாக்குத்தத்தம், சபைக்குப் பரலோக அழைப்பு, இஸ்ரவேலின் திட்டம் இப்போது நின்றிருக்கிறது, சபை எடுத்துக்கொள்ளப்பட்ட பின் அது மறுபடி ஓடும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பிரதரன் கூட்டத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்த பல்மருத்துவர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் பாக்தாத்தில் ஊழியம் செய்துவிட்டு 1833-ல் இந்தியாவுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் அருளப்பன் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். பின்னால் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டையை உண்டாக்கினார். 1860-ல் அங்கிருந்து எழுந்த எழுப்புதலும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் தெரிந்ததே. ஆனால் ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்க வேண்டும்: பிரதரன் என்றாலே டார்பியின் நகல் என்று எண்ணுவது. டார்பியின் பாதை குறுகிப்போகிறது என்று 1836-ல் அவருக்கே எச்சரித்துக் கடிதம் எழுதியவர் இந்தக் குரோவ்ஸ்தான்.

உலகம் முழுவதும் இதைப் பரப்பியது 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம். வழக்கறிஞராக இருந்து போதகரான ஸ்கோஃபீல்டு, வசனத்தின் கீழேயே தன் குறிப்புகளை அச்சிட்டார். வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில், ஒரே தாளில். படித்தவர்களில் பலருக்கு எது வேதம், எது விளக்கம் என்ற கோடு மங்கிவிட்டது. இன்று காணொளியில் "வேதம் தெளிவாகச் சொல்கிறது" என்று சொல்லப்படும் பலவும் அந்தக் குறிப்புகள் வழியாக வந்தவை. 1924-ல் தொடங்கிய டல்லஸ் இறையியல் கல்லூரி இதற்குப் படிப்புரீதியான வடிவம் தந்தது. 1965-ல் அந்தக் கல்லூரி ஆசிரியர் சார்லஸ் ரைரி அதைச் சுருக்கமாக வரையறுத்தார்.

## இரண்டு திட்டம் என்பவர்களின் ஆதாரம்

அவர்கள் சொல்வதை அதன் பலம் குறையாமல் வைத்தால்தான் நியாயம்.

1. இயேசுவே ஆட்களை அனுப்பும்போது இரண்டு விதமாக அனுப்பியிருக்கிறார். மத்தேயு 10:5-6-ல் புறஜாதியாரிடம் போகாதீர்கள், இஸ்ரவேல் வீட்டாரிடம் போங்கள் என்கிறார். மத்தேயு 28:19-ல் சகல ஜாதிகளிடமும் போகச் சொல்கிறார். ஒரே சுவிசேஷத்தில், ஒரே ஆண்டவர். நடுவில் ஏதோ மாறியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமல் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியாது.

2. உயிர்த்தெழுதலுக்குப் பின் சீஷர்கள் "ஆண்டவரே, இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர்" என்று கேட்கிறார்கள். அப்போஸ்தலர் 1:7-ல் அவர் அப்படி ஒரு ராஜ்யமே இல்லை என்று திருத்தவில்லை. காலத்தை அறிவது உங்கள் வேலையல்ல என்கிறார்.

3. எபேசியர் 3-ல் பவுல், முற்காலங்களில் அறிவிக்கப்படாத இரகசியம் ஒன்று தனக்கு வெளிப்பட்டதாகச் சொல்கிறார்: புறஜாதியார் யூதரோடு உடன்சுதந்தரராய் ஒரே சரீரமாவது. முன்னால் மறைந்திருந்தது என்றால், பழைய ஏற்பாட்டின் இஸ்ரவேலும் இந்தச் சரீரமும் எப்படி ஒன்றாக முடியும் என்று கேட்கிறார்கள்.

4. ரோமர் 11:25, "புறஜாதியாருடைய நிறைவு உண்டாகும்வரைக்கும்" என்று ஒரு எல்லையைக் குறிக்கிறது. எல்லை என்று ஒன்று இருந்தால் அதற்கு அப்பால் இஸ்ரவேலுக்கு ஒரு நாள் இருக்கிறது.

இவற்றில் நான்காவதுதான் மிகப் பலமானது என்பது என் கணிப்பு. கடவுள் யூதரைக் கைகழுவிவிட்டார் என்று பல நூற்றாண்டு ஐரோப்பா பேசிய பேச்சின் விளைவு எவ்வளவு கொடுமையானது என்று உலகம் பார்த்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965-ல், இதே ரோமர் 11-ஐ எடுத்துத்தான் யூதரைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்று எழுதிவைத்தது. அதற்காக அது காலநியமப் போதனையை ஏற்றுக்கொண்டது என்றல்ல. ஆயிர வருட அரசாட்சியை வரலாற்றுக்குள் எதிர்பார்க்கும் போதனையை அதன் மறைக்கல்வி ஏற்பதில்லை. லுத்தரன் சபைகளின் 1530-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையும், உயிர்த்தெழுதலுக்கு முன்னால் பக்தர்களுக்கு ஓர் உலக அரசு வரும் என்பதை மறுக்கிறது.

## வடகடலும் தென்கடலும்

திட்டம் ஒன்றே என்பவர்கள் தங்களை உடன்படிக்கை இறையியலார் என்கிறார்கள். ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் தேவன் செய்த கிருபையின் உடன்படிக்கை ஒன்றே. ஆபிரகாம், மோசே, தாவீது, கிறிஸ்து எல்லாம் அதன் வளரும் படிகள் என்பது அவர்கள் நிலை. 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதற்கு அடிப்படை.

பாம்பனில் நிற்பவருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். ஒன்று கொந்தளிக்கும் மாதத்தில் இன்னொன்று அமைந்திருக்கும். வலை வேறு, மீன் வேறு, காற்று வேறு. இரண்டு கடல் என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் பாம்பன் பாலத்துக்குக் கீழே பார்த்தால் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்தக் கால்வாயில் நின்றுகொண்டு, இது வடகடல் தண்ணீர், இது தென்கடல் தண்ணீர் என்று யாராலும் கோடு போட முடியாது.

உடன்படிக்கை இறையியலார் காட்டுவது இந்தக் கால்வாயைத்தான். இஸ்ரவேலுக்குச் சொன்ன சொற்களை அப்போஸ்தலர்களே சபைக்குச் சொல்லியிருக்கும் இடங்கள் அவை:

1. சீனாய் மலையில் இஸ்ரவேலுக்குச் சொன்ன "ஆசாரிய ராஜ்யம், பரிசுத்த ஜாதி" என்ற பட்டத்தை 1 பேதுரு 2:9 விசுவாசிகளுக்குக் கொடுக்கிறது.
2. "இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்" என்று பெயர் குறித்தே எரேமியா 31 சொன்ன புதிய உடன்படிக்கையை எபிரெயர் 8 கிறிஸ்துவின் வேலைக்குப் பொருத்துகிறது. கடைசி இராப்போஜனத்தில் பாத்திரத்தை எடுத்து இயேசு சொன்னதும் அதே உடன்படிக்கைதான்.
3. விழுந்துபோன தாவீதின் கூடாரத்தை எடுத்துக் கட்டுவேன் என்ற ஆமோஸின் சொல்லை, எருசலேம் கூட்டத்தில் யாக்கோபு எடுத்துச் சொல்வது புறஜாதியாரைச் சேர்ப்பது பற்றிய விவாதத்தில்.
4. எபேசியர் 2:14, நடுவில் இருந்த பிரிவினைச் சுவர் தகர்ந்தது என்கிறது.

இரண்டாவது ஆதாரத்துக்கு முன்னால் பழைய காலநியமப் போதனை தடுமாறியது உண்மை. சபைக்கென்று தனியாக இன்னொரு புதிய உடன்படிக்கை உண்டு என்றுகூடச் சிலர் சொல்லிப் பார்த்தார்கள்; அது நிற்கவில்லை. அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்யவே 1990-களில் கிரெய்க் பிளெய்சிங், டேரல் பாக் போன்றவர்கள் திருத்திய வடிவம் ஒன்றை முன்வைத்தார்கள். இஸ்ரவேலுக்கு எதிர்காலம் உண்டு என்பதை விடாமல், ராஜ்யம் இப்போதே தொடங்கிவிட்டது, நிறைவு மட்டும் பின்னால் என்கிறார்கள். வேறுபாடு உண்டு, சுவர் இல்லை. வேதத்தின் இரண்டு பக்க ஆதாரத்துக்கும் இடம் கொடுப்பதில் இதுவே மற்றவற்றைவிட நேர்மையாக நடக்கிறது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பாளர்கள் வைக்கும் இன்னொரு குற்றச்சாட்டு, இது 19-ம் நூற்றாண்டுப் புதுமை என்பது. ஆயிர வருட அரசாட்சியை நம்பியவர்கள் இரண்டாம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள்; அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் அவர்களில் ஒருவர். ஆனால் அதே ஜஸ்டின் விசுவாசிகளே உண்மையான இஸ்ரவேல் என்றும் எழுதினார். ஆகவே ராஜ்ய நம்பிக்கை பழையது. இஸ்ரவேல் வேறு, சபை வேறு என்ற கறாரான பிரிவு புதியது.

## கூடுதலாகப் பிரிக்கும்போது

யூடியூபில் இப்போது அதிகம் கலங்கவைப்பது இன்னொரு கிளை. அது சொல்வது இது: சபை பெந்தெகொஸ்தே நாளில் தொடங்கவில்லை, பவுலின் அழைப்பிலிருந்துதான் தொடங்கியது. பேதுரு பிரசங்கித்தது இஸ்ரவேலுக்கான ராஜ்ய சுவிசேஷம், பவுல் பிரசங்கித்தது வேறு சுவிசேஷம். ஆகவே நான்கு சுவிசேஷங்களும் எபிரெயர், யாக்கோபு, பேதுரு நிருபங்களும் நேரடியாக நமக்கு எழுதியவை அல்ல. தண்ணீர் ஞானஸ்நானமும் நமக்கில்லை. ஓஹேர், ஸ்டாம் என்ற போதகர்கள் அமெரிக்காவில் வளர்த்த போதனை இது.

கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்த ஒருவர் இதைக் கேட்டால் ஆடிப்போவார். அவருக்கு இரண்டு வசனம் சொல்லலாம். 1 கொரிந்தியர் 15-ல், கிறிஸ்து மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, உயிர்த்தெழுந்த சுவிசேஷத்தைச் சொன்ன பவுல், கேபாவையும் (பேதுருவின் இன்னொரு பெயர்) மற்ற அப்போஸ்தலரையும் குறிப்பிட்டு, 11-ம் வசனத்தில் தானும் அவர்களும் பிரசங்கிப்பது இதையே என்று முடிக்கிறார். கலாத்தியர் 2:7-9-ல் பேதுருவுக்கும் தனக்கும் ஊழியக் களம் வேறு என்கிறார். அதே இடத்தில் இருவரும் கைகொடுத்துக்கொள்கிறார்கள். களம் வேறு என்பதைச் செய்தியே வேறு என்று எடுத்துக்கொள்வது அந்த வசனத்துக்கு நியாயமாகாது.

இங்கேயே இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடலாம். காலநியமப் போதனை இரட்சிப்புக்கு இரண்டு வழி சொல்கிறதா, யூதருக்கு நியாயப்பிரமாணம், நமக்குக் கிருபை என்று? ஸ்கோஃபீல்டின் குறிப்புகளில் அப்படிப் படிக்க இடமிருந்தது. 1967-ல் வந்த திருத்தப் பதிப்பு அதைச் சரிப்படுத்தியது. ரைரியும் தெளிவாக மறுத்தார். எக்காலத்திலும் இரட்சிப்புக்கு ஆதாரம் கிறிஸ்துவின் மரணம், வழி விசுவாசம். விசுவாசிக்கிறவருக்கு அவர் காலத்தில் எவ்வளவு வெளிப்பட்டிருந்தது என்பது மட்டுமே வேறுபடும் என்பது அவர்கள் நிலை. ஆபிரகாமைக் காட்டி ரோமர் 4 சொல்வதும் இதுதான்.

## நின்றுபோன கடிகாரம்

செய்தியைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது.

தானியேல் 9-ல் எழுபது வாரங்கள் வருகின்றன. ஒரு வாரம் என்பது ஏழு ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். 69 வாரம் மேசியாவோடு முடிந்தது. அத்தோடு இஸ்ரவேலின் தீர்க்கதரிசனக் கடிகாரம் நின்றது. நடுவில் சபையின் காலம். சபை எடுத்துக்கொள்ளப்பட்ட பின் கடைசி ஏழு ஆண்டுக்கு, உபத்திரவ காலத்துக்கு, கடிகாரம் மறுபடி ஓடும். இதுவே பழைய காலநியமப் போதனையின் எலும்புக்கூடு.

இப்போது அவர்கள் கணக்கையே வைத்துப் பாருங்கள். கடிகாரம் நின்றிருக்கும் காலத்தில் நாம் இருக்கிறோம் என்றால், இன்றைய போர், இன்றைய ஏவுகணை, இன்றைய ஒப்பந்தம் எதுவும் அந்த எழுபதாவது வாரத்தின் நிறைவேற்றமாக இருக்க முடியாது. முன்னடையாளம் இல்லாமல் எந்த நேரமும் நடக்கக்கூடியது என்பதுதான் அவர்கள் சொல்லும் இரகசிய வருகையின் இலக்கணமே. 1948 மே 14-ல் இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டதைக்கூட அவர்களில் கவனமானவர்கள் நிறைவேற்றம் என்று சொல்வதில்லை. மேடை அமைகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த 1948-ஓடு ஒரு தலைமுறைக்கு நாற்பது ஆண்டு கூட்டி, 1988-ல் வருகை என்று எட்கர் விசனன்ட் புத்தகம் போட்டார். லட்சக்கணக்கில் போனது. 1988-ம் போனது.

ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வசனம் ஒட்டுகிறவர், காலநியமப் போதனையின் பெயரைச் சொன்னாலும் அதன் விதியை மீறிக்கொண்டிருக்கிறார். இதை அந்தப் போதனையை மறுப்பவர்கள் சொல்லத் தேவையில்லை. அதன் சொந்தக் கணக்கே சொல்கிறது.

## கரைக்கு வந்தால்

இதெல்லாம் வெறும் ஏட்டு விவாதமல்ல. இந்தக் கரையின் வாழ்க்கையில் குறைந்தது நான்கு இடத்தில் தொடுகிறது.

1. காணிக்கை. மல்கியா 3:10-ன் தசமபாகம், நிலம் இல்லாமல் ஆலயப் பணி செய்த லேவியரைத் தாங்க இஸ்ரவேலுக்குச் சொன்ன சட்டம். காலநியமப் போதனை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டால் அதைச் சபையின்மேல் கட்டளையாகச் சுமத்த முடியாது. சபைக்கு 2 கொரிந்தியர் 9:7-ன் மனமுவந்த கொடை. தடைக்காலத்தில் இரண்டு மாதம் மீன்பாடே இல்லாத வீட்டில், பத்தில் ஒன்று வராததால்தான் கடன் தீரவில்லை என்று சொல்பவர், இஸ்ரவேல் வேறு சபை வேறு என்றும் அதே வாயால் சொல்கிறார் என்றால், அவரிடம் விளக்கம் கேட்க அந்த வீட்டுக்கு உரிமை உண்டு.

2. அரசியல். "உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்று ஆதியாகமம் 12:3 சொன்னது ஆபிரகாமிடம். அது இன்றைய ஓர் அரசின் ஒவ்வொரு முடிவுக்கும் போடப்பட்ட கையெழுத்தாகுமா? இரண்டு திட்டம் உண்டு என்று நம்புகிறவர்களிலேயே, யூத மக்களுக்கு எதிர்காலம் உண்டு, ஆனால் அந்த அரசும் மற்ற அரசுகளைப் போல நியாயத்தீர்ப்புக்கு உட்பட்டதே என்பவர்கள் இருக்கிறார்கள். தீர்க்கதரிசிகள் இஸ்ரவேலின் ராஜாக்களைக் கண்டித்த அளவுக்கு வேறு யாரையும் கண்டிக்கவில்லை. பெத்லகேமிலும் காசாவிலும் நம்மைவிடப் பழைய கிறிஸ்தவ சமூகங்கள் இருக்கின்றன என்பதும் இந்தக் காணொளிகளில் வருவதேயில்லை. கலாத்தியர் 3:16 ஆபிரகாமின் சந்ததி என்ற சொல்லைக் கிறிஸ்துவையே குறித்துப் படிக்கிறது. அதையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் ஆதியாகமம் 12-ஐப் பேச வேண்டும்.

3. வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து ஆளுக்கொரு அட்டை எடுப்பது பல சபைகளில் வழக்கம். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று ஒருவருக்கு வரும். அது உபாகமம் 28:13. அதே அதிகாரத்தின் 15-ம் வசனத்திலிருந்து கடைசிவரை சாபங்கள். ஆசீர்வாதத்தைவிடப் பல மடங்கு நீளம். இரண்டும் ஒரே உடன்படிக்கையின் இரண்டு பக்கம். அட்டையில் அச்சாவது ஒரு பக்கம் மட்டும். இன்னொருவருக்கு எரேமியா 29:11 வரும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குப் போன கடிதம் அது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் முடிந்த பின் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்தார்கள். அதுவரை என்ன செய்யச் சொல்கிறது என்பது 5-ம் வசனத்தில்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டால் அந்த வசனம் நமக்கு இல்லாமல் போய்விடாது. முன்பு எழுதியவையெல்லாம் நமக்குப் போதனையாக எழுதப்பட்டவை என்று ரோமர் 15:4 சொல்கிறது. அவர்களுக்கு எழுதியது, நமக்காகவும் எழுதியது. ஆனால் அடுத்த டிசம்பருக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று அதிலிருந்து யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

4. புயல். இது எனக்கு மற்ற மூன்றையும்விட முக்கியம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் அதில் இருந்தவர்களும் போனார்கள். சுவர் மட்டும் நிற்கும் அந்த மாதா கோவிலை இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். அழிந்த ஊரைக் காட்டி, அங்கே என்ன பாவம் நடந்ததோ என்று பேசுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்; கையில் உபாகமம் 28 இருக்கும். ஆனால் அந்தச் சாபங்கள் ஒரு குறிப்பிட்ட ஜனத்தோடு, ஒரு குறிப்பிட்ட உடன்படிக்கையில், ஒரு குறிப்பிட்ட தேசத்தைக் குறித்துச் சொல்லப்பட்டவை. தனுஷ்கோடி அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட ஊரல்ல. இரண்டு திட்டம் என்பவர் தன் பிரிவினையை உண்மையாகவே நம்பினால், இந்தப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டியவர் அவர்தான்.

திட்டம் ஒன்றே என்பவருக்கும் இதில் தப்பிக்க வழியில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டார். அந்தப் பதினெட்டுப் பேரும் இஸ்ரவேலின் தலைநகரில் இருந்தவர்கள். நியாயப்பிரமாணம் அப்போது நடப்பில் இருந்தது. உபாகமம் 28 பொருந்த வேண்டுமானால் அங்கேதான் பொருந்தியிருக்க வேண்டும். லூக்கா 13:5-ல் அவர் சொன்ன பதில் "அப்படியல்ல" என்பதில் தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்தில் அவர் மனந்திரும்பச் சொன்னது செத்தவர்களையல்ல, கேட்டுக்கொண்டு நின்றவர்களை.